வாசத்தின் மறுதலை

உயர்தரத்தில் அளவையியலுக்கு எனக்கு 'சி'.
பொகவந்தலாவையில் அதை வைத்துக்கொண்டு
என்ன செய்வாய் என்று கேட்டார்கள்.
ஃபெக்டரியில், சலிக்கும் அறையில்,
மூட்டைக்கு நம்பர் போடலாம்.
ஒன்பது வருஷமாகப் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நிறுத்தபோது
பதினோரு கிலோ குறைந்தது.
சனிக்கிழமை ஆபீசில் விசாரணை.
எங்கள் ஷிப்டில் ஆறு பேர்.
டீமேக்கர் ஐயா
பாக்கியமேரியை மட்டும் பார்த்துச் சொன்னார்:
"தூள எடுத்தவ கையில வாசம் இருக்கும்.
கைய நீட்டு."

நீட்டினாள்.
குனிந்து மோந்தார்.
"இருக்கு."
கிளாக்கர் எழுதிக்கொண்டார்:
இருக்கு.

எடுத்தால் வாசம்.
சரி, ஒத்துக்கொள்கிறேன்.
வாசம், ஆகவே எடுத்தாள்:
இது எந்த வழியால் உள்ளே வந்தது?

இங்கிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸெல்லாம்
நோர்வூட் தாண்டித்தான் போகும்.
நோர்வூட் தாண்டுவதெல்லாம்
ஹட்டன் போவதில்லை.
தூங்கி எழுந்து
மஸ்கெலியா ரோட்டில் கண் விழித்தவர்களைக்
கேட்டுப் பாருங்கள்.

மழை பெய்தால் லயத்து வாசல் நனையும்.
வாசல் நனைந்து கிடக்கிறது.
மழையா?
ராத்திரி முழுக்க நின்றுவிட்டுப் போன மூட்டமா?
பைப் வெடித்ததா?
நாலாம் காம்பிராவில்
பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிய தண்ணீரா?
ஈரம்
தன்னைப் பெற்றவள் பெயரைச் சொல்வதில்லை.

வாசம் ஏறத் தூளை எடுக்கவே வேண்டாம்.
அந்த அறையில் மூச்சு விட்டால் போதும்.
என் மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் இருக்கிறது.
சோற்றுப் பெட்டி மூடியில்,
மாதா படத்துக் கண்ணாடியில்.
சம்பளத் துண்டிலும் உண்டு,
அதில் மட்டும் கொஞ்சம் மெல்லிசாக.

பேசக் கூடாதென்றுதான் நின்றேன்.
கடை பாக்கி இருக்கிறது,
லோனுக்கு அவர் கையெழுத்து வேண்டும்.
வாய் கேட்கவில்லை.

"ஐயா, சொன்னதத் தலைகீழாத் திருப்பிட்டீங்க.
உங்க பேச்சுலருந்து வரக்கூடியது ஒண்ணுதான்:
வாசம் இல்லாத கை எடுக்கல.
அது நிக்கும்.
இந்த ஆபீசுல
வாசம் இல்லாத கை யாரோடது?"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காமலே தெரிந்தது.
மேசைமேல், தண்ணீர்க் கிளாஸுக்குப் பக்கத்தில்,
சந்தன சவர்க்காரம் மணக்கும் இரண்டு கைகள்
மெதுவாக விரல்களை மடக்கிக்கொண்டன.

அவர் போட்ட விதி,
சரியாக வாசித்தால்,
அறையில் ஒருவரை மட்டும் விடுதலை செய்கிறது.
வாசிப்பில் பிழையில்லை.
பரீட்சையென்றால் முழுப் புள்ளி.

செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.
அதுவரை பாக்கியமேரிக்குப் பேர் விழாது.

குறுக்குப் பாதையில் இறங்கும்போது
அவள் முன்னால், நான் பின்னால்.
அட்டை ஏறிய காலைக்கூட உதறாமல் நடந்தாள்.
சட்டென்று நின்றாள்.

"நீ பேசுனது ஒண்ணும் வெளங்கல புள்ள.
இவ எடுக்கலன்னு
ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை.
வாசத்திலிருந்து அது வராது.
எடுத்தாள் என்று வராதது போலவே
எடுக்கவில்லை என்றும் வராது.
நான் காப்பாற்றியது
ஒரு 'ஆகவே'யை.

பதினாறு வருஷம் பக்கத்துக் காம்பிரா.
என் பிரசவத்தன்று, ரோடு உடைந்து
அம்புலன்ஸ் வராத இரவில்
வெந்நீர் வைத்தது இந்தக் கை.
அதை நான் ஆபீசுக்குக் கொண்டுபோகவில்லை.
எந்த முடிவுக்கும் அது
போதுமான ஆதாரமில்லை
என்று நினைத்திருப்பேன்.

"நீ எடுக்க மாட்ட," என்றேன்.

"இப்ப சொல்லு."

பீலியடியில் உட்கார்ந்து
சாம்பல் போட்டுத் தேய்த்தாள்,
முழங்கை வரைக்கும்.
குளிரில் தோல் சிவந்தது.
பிறகு எழுந்து,
காலையில் அங்கே நீட்டிய அதே மாதிரி
என் முன்னால் நீட்டினாள்.

"மோந்து பாரு."

பிடித்துக்கொண்டேன்.
மோந்து பார்க்கவில்லை.