ஏழு புள்ளி ஒன்பது எட்டு

பாப் அல் பஹ்ரைனுக்குப் பின்னால்
மூன்றாவது சந்து. ஏசித் தண்ணீர்
வாசலில் சொட்டும் கடை.
எடை போடுவது என் வேலை.

பவுன் என்றால் எனக்கு வெறும் எடையாகத்தான் இருந்தது.
பேராவூரணிக் கல்யாணங்களில்
முப்பதாம், நாற்பதாம் என்று
ரசம் ஊற்றும்போதே பேசிக்கொள்வார்கள்.
அது ஒரு காசு,
அதில் ஒருவருக்கு மூக்கும் தாடியும் உண்டென்று
அந்தப் பந்தியில் யாரும் சொன்னதில்லை.
சவரன் என்றவர்களும் சொன்னதில்லை.

முதல் நாள் அப்துல்நபி
என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார்.
இவ்வளவுதானா என்று தமிழில் கேட்டேன்.
தராசில் வைத்தால் எட்டு வரவில்லை:
ஏழு புள்ளி ஒன்பது எட்டு.
அந்தத் தூசளவையும் சேர்த்து
நம் ஊர் முழு எண்ணாக்கி வைத்திருக்கிறது.

பிறகு கற்றுக்கொண்டேன்.
விளிம்பை மட்டும் தொட வேண்டும்.
குதிரையின் காலடியில் லென்ஸை வைத்தால்
பொடி எழுத்து ஒன்று தெரியும்:
எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்பர்ன்,
ஐ என்றால் பம்பாய்.
பம்பாய் அடித்தது ஒரே ஒரு வருஷம்;
அது வந்து விழுந்த நாளில்
எல்லோருக்கும் மச்பூஸ்.
நம் பழைய ரூபாய்களும் இருந்தன,
இந்தத் தீவில் மீன் வாங்கியவை,
பால்டின் தகரத்தில், கிலோக் கணக்கில்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று:
தேய்க்காதே.
அழுக்குக்குத்தான் விலை.

ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த நேரம்
தவமலர் வந்தாள்.
வாழைச்சேனை. ரிஃபாவில் ஒரே வீட்டில்
பதினோரு வருஷம்.
வீட்டுக்காரி கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தது,
டிஷ்யூ பேப்பரில் சுற்றி.
“நல்லா மினுக்கித்தான் கொண்டு வந்தனான்,
ராத்திரி முழுக்கப் பற்பசை போட்டு.”

துடைப்பதற்கென்றே கப்பலேற்றப்பட்டவளிடம்
துடைத்திருக்கக் கூடாது என்று
எப்படிச் சொல்வது?
லென்ஸை எடுத்தேன்.
கன்னத்தில் மயிரிழை மயிரிழையாய்க் கீறல்.
அதைவிடப் பெரிய சங்கடம் கீழே இருந்தது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு.
இந்தத் தாடிக்காரர் அரியணை ஏறியது
இரண்டு வருஷம் கழித்து.
எட்டில் காசில் இருந்த தலை
இவருடைய அப்பாவுடையது.

எங்கோ ஒரு பட்டறையில்
மன்னர் வரிசை தெரியாத ஒருவன்
ராத்திரியில் அடித்திருக்கிறான்.

“கள்ளக் காசோ?”
விரல் நுனியில் நிறுத்தி
இன்னொன்றால் தட்டிக் காட்டினேன்.
நீளமாக ஒலித்தது.
தராசு: ஏழு புள்ளி ஒன்பது எட்டு.
இருபத்திரண்டு கேரட்டில் ஒரு குறையுமில்லை.
தங்கம் நிஜம், அக்கா.
வருஷம்தான் பொய்.
சேகரிக்கிறவர்கள் தொட மாட்டார்கள்,
உருக்குகிற விலை கிடைக்கும்.

அவள் சிரித்த சிரிப்பில்
உள்ளறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த
அப்துல்நபி எட்டிப் பார்த்தார்.

“எனக்கும் அப்பிடித்தான் தம்பி.
பத்தொன்பது வயசில
இருபத்திமூண்டு எண்டு எழுதினவன் ஏஜென்சிக்காரன்.
அண்டையில இருந்து
ரெண்டு பிறந்தநாள் எனக்கு.
ஒண்டுக்கும் கேக் இல்லை.”

பேரேட்டைத் திறந்து வைத்திருந்தேன்.
மன்னர், வருஷம், அச்சகம், நிலை, விலை.
பேனா இரண்டாவது கட்டத்தில் நின்றது.
அவள் எட்டிப் பார்த்து,
“இதுக்கு எத்தின வயசு எண்டு போடுவீங்கள்?” என்றாள்.

நான் எழுதவில்லை.
அவளும் விற்கவில்லை.
“உருக்கிறதுக்கு இப்ப என்ன அவசரம்” என்று
கைபேசி உறையைக் கழற்றி
சிபிஆர் அட்டைக்குப் பின்னால்
காசைச் செருகினாள்.
உறை மூடவில்லை. அழுத்தினாள். மூடியது.

என்ன கொண்டு வந்தாள் என்று கேட்டார் அப்துல்நபி.
தஹப் என்றேன். தங்கம்.
எந்த வருஷம் என்றார்.
கேட்காத மாதிரி தராசுப் பக்கம் திரும்பினேன்.

தட்டில் வெள்ளையாக ஒரு பொட்டு,
மன்னரின் பெயரெழுத்து இடுக்கிலிருந்து
உதிர்ந்த பற்பசை.
தராசு அதைக் கணக்கில் எடுக்கவில்லை.