பதினாலு அடி

காமலாபுரம் ஏர்போர்ட்டில்
என் கம்பு நீட்டிப் படுத்தது,
இந்தக் கவுண்டரிலிருந்து
பூட்டிக் கிடந்த அந்தக் கவுண்டர்வரை.

சிலம்பமா, என்றார் சீருடைக்காரர்.
தாண்டுகிற கம்பு.
மடக்கலாமா?
வளையும் சார். மடங்காது.

எடை மூன்று கிலோகூட இல்லை.
பக்கத்து வரிசையில் ஒருவர்
ஒரு பெட்டி மல்கோவாவைச்
சும்மா ஏற்றிவிட்டுப் போகிறார்.
எனக்கு நீளத்துக்குக் காசு:
நாலாயிரத்து இருநூறு.

அம்மாவுக்குப் போன் போட்டு,
ஜிபே வந்து விழுந்து,
கட்டி முடித்த பிறகு
உள்ளே போய் அளந்து வந்தவர் சொன்னார்:
"கதவுக்குள்ள திரும்பாதும்மா.
சின்ன ஃபிளைட்டு."
காசு ஏழு நாளில் திரும்புமாம்.

வந்த டெம்போவிலேயே
கம்பு ஓமலூருக்குப் போனது.
மாதையன் மாமா போட்டோ அனுப்பினார்:
ஐதராபாத் போகும் ஜவ்வரிசி லோடு,
தார்ப்பாய், கயிறு,
பின்னால் நீட்டிய நுனியில் சிவப்புத் துணி.
என் பழைய ஜெர்சியின் கை அது.
கேட்காமல் கிழித்திருக்கிறார்.

விமானம் தரைவிட்டது.
மூன்றே முக்கால் மீட்டர்வரை
வழக்கம்போல் மூச்சைப் பிடித்திருந்தேன்.
அதற்கு மேல் பழக்கமில்லை.

கீழே தொப்பூர் கணவாய்,
வளைவுக்கு வளைவு லாரிகள்.
ஒன்றின் வாலில் சிவப்பாய்த் தெரிந்தது.
தக்காளி வண்டியாகவும் இருக்கலாம்.
ஆனாலும் கண்ணாடியில் நெற்றி வைத்துப்
பார்த்துக்கொண்டே போனேன்,
மேகம் வரும்வரை.