கோல் எத்தன

தூத்தூர் மைதானம். கார்னர் பந்துக்கு
இரண்டு தலை ஒரே நேரம் எழும்பியது.
வள்ளத்தின் விளிம்பில் துடுப்பு தட்டின மாதிரி
ஒரு சத்தம். பெஞ்சு வரை கேட்டது.

ஷிபின் விழுந்தான். எழும்பினான். கைதட்டினார்கள்.
"அவனுக்கு ஒண்ணுமில்ல" என்று
முப்பதடி தள்ளி நின்ற மூன்று பேர் சொன்னார்கள்.
ஹிலாரி சார் முகத்தில் தண்ணீர் அடித்து
"கண்ணு தெரியுதாலே?" என்றார்.
தெரிந்தது. ரத்தம்கூட இல்லை.

அவன் இடத்துக்கு அடுத்த ஆள் நான்.
ஆறு மேட்சாக ஆரஞ்சுப் பனியனோடு
வார்ம்-அப் மட்டும் செய்கிறவன்.
மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள்,
நான் அவனைப் பார்த்தேன்.
பொறாமைக்கு நல்ல கண்.

லேஸ் கட்டக் குனிந்தவன்
கட்டாமலே நிமிர்ந்தான்.
விளக்குக் கம்பத்தைப் பார்த்து முகம் சுளித்தான்.
லைன் ஓரம் வந்து, "லே, கோல் எத்தன?"
"ஒண்ணுக்கு ஒண்ணு."
ரெண்டு நிமிஷம் கழித்து
அதே இடம், அதே குரல்:
"லே, கோல் எத்தன?"

எங்களுடைய அந்த ஒன்றை அடித்ததே அவன்தான்.

சாரிடம் சொன்னேன்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, பனியனைப் பார்த்தார்.
"ஒனக்கு எறங்கணும், அதானே?"
அது பொய்யுமில்லை.

பனியனைக் கழற்றினேன். ஷூவையும்.
பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே
வெறுங்காலோடு கோட்டைத் தாண்டினேன்.
விசில். மஞ்சள் கார்டு.
"நான் ஆடல. பத்துப் பேரு ஆடட்டும்.
இவன் வெளிய வரணும்."
கூட்டத்தில் ஒருவன் என் அம்மாவை இழுத்துத் திட்டினான்.
ஷிபின் என்னைத் தள்ளினான்.
தள்ளின கை என் தோளை விடவில்லை.
நிற்பதற்கு அது வேண்டியிருந்தது.
ரெஃப்ரி அதைப் பார்த்தார்.

நித்திரவிளை தாண்டினதும் ஆட்டோவில் வாந்தி.
முன்சீட்டில் சாரின் போனுக்கு ரிசல்ட் வந்தது,
அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.
குழித்துறை ஆஸ்பத்திரி வரை ஒன்பது முறை
"கோல் எத்தன?"
ஒன்பது முறையும் ஒண்ணுக்கு ஒண்ணு.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.
சார் மூச்சு விடுமுன்னே,
"ஸ்கேன்ல தெரியாத அடி இது.
தலைவலி போறவரைக்கும் பந்து இல்ல.
பிறகும் முதல்ல நடக்கணும், அப்புறம் ஓடணும்,
கடைசியிலதான் ஆட்டம், நான் சொன்ன பிறகு.
இதுமேல இன்னொரு அடி விழுந்திருந்தா..."
முடிக்காமல் சீட்டில் எழுதத் தொடங்கினார்.
சார் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.
என் ஷூ அவர் கையில் இருந்தது.

பதினெட்டு நாள் ஷிபின் என்னோடு பேசவில்லை.
அதற்கடுத்த நாள் கடல்சுவரில் இருந்தான்,
தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு.
"லே, நான் அடிச்ச கோலு ஞாபகத்துலயே இல்ல.
எப்பிடி அடிச்சேன்?"

மணலில் விரலால் போட்டுக் காட்டினேன்.
இங்க அவனுக்க டிஃபெண்டர்.
இங்க நீ, எடதுகால்ல.
இங்க, கோட்டுக்கு வெளிய,
நான்.