அணைந்த பிறகும் விழித்திருப்பது

தை செங்கில் ஜன்னலே இல்லாத கட்டடம்.
ஐந்தாம் மாடி, கம்பிவலைக் கூண்டுக்குள்
நாற்பத்திரண்டு சர்வர்கள்.
முன்னால் நின்றால் மார்கழி,
பின்னால் போனால் அக்னி நட்சத்திரம்.
நான் பின்னால் குந்தியிருக்கிறேன்,
வாயில் டார்ச், கையில் மஞ்சள் கேபிள்.

மற்றதெல்லாம் நீலக் கேபிள்.
ஊர்ச் சரக்கு போவது அதில்:
யாரோ வாங்கும் செருப்பு, யாரோ கட்டும் தவணை.
மஞ்சளுக்குத் தனி வழி.
தலைவாசலில் தீப்பிடித்தாலும்
உள்ளே நுழைய ஒரு கொல்லைக் கதவு.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும்
கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சில்லு.
சர்வரை அணைத்தாலும் அது அணையாது.
பிளக்கைப் பிடுங்கும் வரை
நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்.
எங்கிருந்தாவது ஒருவர் கேட்டால் சொல்லும்:
சூடு இவ்வளவு,
ஆறு விசிறியில் ஒன்று சுற்றவில்லை,
எழுப்பட்டுமா?
அதற்கு ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு கடவுச்சொல்
வைப்பதுதான் எனக்கு மூன்று நாள் வேலை.

பெட்டி ஓரத்தில் நாக்குபோல் ஒரு சீட்டு.
இழுத்தால் தொழிற்சாலை தந்த கடவுச்சொல்.
முதலில் அதை மாற்று,
அச்சடித்து வந்த சாவி சாவியே இல்லை
என்பான் என் மேலாளன் கியான் ஹோக்.
போன வருஷம் முப்பது பெட்டிக்கும்
தன் நாயின் பெயரை வைத்தவனும் அவனே.

எதற்கு இதெல்லாம்?
தீபாவளிக்கு முந்தின இரவு, மூன்று மணி, போன்.
ஒன்பதாம் எண் உறைந்துவிட்டதாம்.
மருதாணி காயாத கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு
புங்கோலிலிருந்து டாக்ஸி,
நள்ளிரவுக் கட்டணத்தோடு முப்பத்தொரு வெள்ளி.
இடது சுண்டுவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினேன்.
ஐந்து நொடி.
திரும்ப இன்னொரு டாக்ஸி.

கீழே காவல் மேசையில் ரோஸ்லான்.
பாஸை நீட்டினால் “லாகி?” என்பார்,
மறுபடியுமா என்று.
ஒரு முறை பாதித் தோசையைப் பகிர்ந்துகொண்டோம்.
ஒரு முறை அவர் மகளின் தேர்வு முடிவை
எனக்குத்தான் முதலில் காட்டினார்,
மணி நாலேகால், வேறு யார் விழித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் மாலை
பதினேழாம் பெட்டிக்கு விதி எழுதினேன்:
இந்த ஒரு வழியில் வருபவரைத் தவிர
யாரையும் விடாதே.
சேமித்தேன்.
நான் வந்தது அந்த வழியில்லை.
வெளியே நின்றுகொண்டு
உள்தாழ்ப்பாளைப் போட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.
மறுபடி கூண்டு, மறுபடி திரை, மறுபடி சளி.

இரவு வீட்டில்
ரசம் சிந்திய மேசையில் மடிக்கணினி.
அணை என்றேன், அணைந்தது.
எழு என்றேன்.
எழுத்துகள் கறுப்பில் ஒவ்வொன்றாய் ஏறின.
விசிறிகள் ஒரே மூச்சில் அலறுமே, அந்தச் சத்தம் மட்டும்
இத்தனை தூரம் வரவில்லை.
கூட்டத்தில் ஒரு பெட்டியை அடையாளம் காட்ட
நீல விளக்கொன்று உண்டு.
அதையும் எரியவிட்டுப் பார்த்தேன்.
பாத்திரம் கழுவினேன், படுத்தேன்.

அப்புறம் நல்ல தூக்கம்தான்.
டாக்ஸி இல்லை, குளிர்ச்சட்டை இல்லை.

காலையில் ரோஸ்லானிடமிருந்து செய்தி:
ரோந்து போனேன்,
உன் பதினேழு ராத்திரி முழுக்கக் கண்சிமிட்டுது,
யாரைக் கூப்பிடுது?

இனி ராத்திரியில் வரமாட்டேன் என்று எழுதினேன்.
அழித்தேன்.
அவர் மொழியிலேயே
“சாஜா சாஜா” என்று அனுப்பினேன்.
சும்மாதான்.
விளக்கை இன்னும் அணைக்கவில்லை.