பதினாலு ஊக்கு

வேலைநிறுத்தம் செய்ய எங்களுக்கு விதியில்லை.
சாவியைக் கீழே வைத்துவிட்டு
டீக்கடைப் பக்கம் போய் நின்றால்
உள்ளே ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு
யார் கஞ்சி ஊற்றுவது?
ஆகவே சங்கம் கூடித் தீர்மானித்தது:
புதன்கிழமை, கறுப்புப் பட்டை.

சங்கம் என்றால் என்ன பெரிய சங்கம்.
சிறை மேலதிகாரிகள் சங்கம், பாளையங்கோட்டைக் கிளை.
உறுப்பினர் பதினாலு, சந்தா பாக்கி ஒன்பது.
ரப்பர் முத்திரை செய்தவன்
சின்ன ர போட்டுவிட்டான்,
'சிரை மேலதிகாரிகள்' என்றுதான்
அரசுக்குப் போகிறது எங்கள் மனு.
மாற்ற வேண்டும் என்று மூன்று பொதுக்குழுவில்
ஏகமனதாகச் சொல்லியாகிவிட்டது.

முருகன்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம்.
முந்தின நாள் பந்தியின் சாம்பார் வாசனைக்குள் உட்கார்ந்து
பதவி உயர்வைப் பேசினோம்.
தலைவர் ஆவுடைநாயகம் எழுந்தார்:
"வேய், எங்கூடப் பரீட்சை எழுதினவன்
போலீசுக்குப் போயி எஸ்பி ஆயிட்டான்.
நான் இன்னும் பூட்டைத்தான்
ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன்."
பெண்கள் சிறை எஸ்தர் பொன்மலர்
லீவு பற்றிச் சொன்னாள்:
பதினோரு மாசமாய் ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை,
சேலை கட்டினால் வீட்டு நாய் குரைக்கிறது.

பொருளாளர் நான்.
அரை மீட்டர் குடைத்துணி, ஓர் அட்டை ஊக்கு,
ரசீதோடு வாங்கினேன்.

புதன் காலை, வாசலில்
புதுசாய்ச் சேர்ந்த வார்டன் மாடக்கண்ணு
சல்யூட் அடித்துவிட்டு மறித்தான்.
"ஐயா, ஊக்கு உள்ள போகக் கூடாதே."
சுற்றறிக்கை ஆவுடைநாயகம் கையெழுத்து.
அவரே தலையாட்ட, பதிவேட்டில் ஏறியது:
கூர்மையான பொருள், எண்ணம் பதினாலு.

பகல் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை.
தறிக்கூடத்தில் செய்யது பட்டாணி மட்டும்
நாடாவை நிறுத்திவிட்டு,
"யாரு சார் மௌத்து?"
"யாருமில்லப்பா. பதவி உயர்வு."
"அடடா. வயசு?"
"இருபத்திரண்டு வருசம்."
"சின்ன வயசு," என்றான்,
தறியை மறுபடி ஓட்டவில்லை கொஞ்ச நேரம்.

ஆறு மணிக்கு லாக்கப். தலை எண்ணினோம், சரி.
ஊக்கு எண்ணினோம், பதிமூன்று.

பூட்டிய பிளாக்குகளைத் திறந்தோம்.
பாய் உதறி, சோப்பை அறுத்து,
சட்டி கவிழ்த்து, தலையணைப் பஞ்சு பிரித்து.
கிடைத்தது: பீடிக்கட்டு நாலு,
செல்போன் பேட்டரி ஒன்று,
ஸ்பேட் ராணி,
யாரோ ஒரு குழந்தையின் பால்பல், தாளில் மடித்து.
பல்லைத் திரும்ப வைத்துவிட்டோம்.
ஊக்கு இல்லை.

மணி பன்னிரண்டு. ஒன்று.
இரவுப் படி மனுவில் நாலாவது கோரிக்கை,
அது ஆவுடைநாயகத்துக்கு ஞாபகம் வந்து
தனக்குத்தானே சிரித்தார்.
மேற்கிலிருந்து சாரல் தூவானமாய் வந்து
காக்கியையும் வெள்ளையையும் ஒன்றுபோல நனைத்தது.
முற்றத்தில் வரிசையாய் உட்கார்ந்தவர்கள்
வாசலைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை,
கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
மேகம் விலகிய இடத்தில் ஏழெட்டு நட்சத்திரம்.
"இந்நேரத்து வானம் பாத்து
ஒம்பது வருசம் சார்," என்றது வரிசையில் ஒரு குரல்.
யார் என்று நான் டார்ச் அடிக்கவில்லை.

மூன்று மணிக்கு, கொக்கிரகுளத்தில் என் வீட்டில்,
சட்டையைக் கழற்றும்போது சுருக்கென்றது.
பனியனில், விலா ஓரம்,
வாய் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் கொண்டுபோய் மாடக்கண்ணு முன் வைத்தேன்.
'கண்டெடுத்த இடம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றது. என்னைப் பார்த்தான்.
"எழுதுலே," என்றேன், "அதிகாரி மேல்."
எழுதினான். சின்ன ர, பெரிய ற எதிலும் பிழையில்லை.

மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை.
தறிப்பக்கம் போனால் பட்டாணிதான் விசாரிக்கிறான்:
"நாப்பதாம் நாள் பாத்திஹா எப்ப சார்?
சோறு உண்டும்லா?"