மீட்டர் நின்ற இடம்

தக்காளி கிலோ நாலு ரூபாய்க்குப் போன வாரத்தில்
பெட்டிக்கு முப்பது வாடகை கேட்டான் கெலமங்கலத்துக்காரன்.
அன்றைக்கே போய்ப் பார்த்தேன்
ஓசூர் ரோட்டு ஃபைனான்ஸ் யார்டில்,
சக்கரத்துக்குள் வேலிக்காத்தான் முளைத்து
ஒரு பக்கம் சாய்ந்து நின்ற பிக்கப்பை.

மீட்டரில் 4,12,906.
கேபிள் அறுந்தபின்னும் ஓடியிருக்கிறது.
எவ்வளவு என்று
அதற்கே தெரியாது.

"ஓடாத வண்டின்னா கிலோ கணக்கு,
ஓடுற வண்டின்னா கிலோமீட்டர் கணக்கு.
இது எதுல சேர்த்தி, சாலம்மாக்கா?"
அப்ரோஸ் சிரித்தபோது
அட்வான்ஸ் ரசீது என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

ஹெட்டைக் கழற்றினான்.
மூன்றாவது சிலிண்டரில் விரலை விடச் சொன்னான்.
நகம் மாட்டியது.
தண்ணீரும் ஆயிலும் கலந்து
ஒட்டாத மோர்க்குழம்பாய் வழிந்தது சம்ப்பிலிருந்து.
சேலத்துக்குப் போய்க் கிரைண்டிங் முடித்து வந்தது கிராங்க்.
புது லைனர், புது பிஸ்டன்,
நாலு நாசிலும் ஒரே அளவில் பீச்சும்வரை
பம்ப் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்,
பிரசவ வார்டுக்கு வெளியே போல.

ஆனதோடு ஆகட்டும் என்று
பெரிய ரேடியேட்டர்.
பின்னால் கூடுதலாக இரண்டு பட்டை.
பர்கூர் பக்கம் மோதி நொறுங்கிய வண்டியிலிருந்து
கழற்றி வந்த பவர் ஸ்டியரிங்:
என் தோளுக்காக, வேறு யாருக்காகவும் இல்லை.
செல்ஃப் மோட்டாருக்குப் பணம் எட்டவில்லை.

தளத்தகட்டை வெல்டிங் வைக்கப் பெயர்த்த அன்று
மேட்டுக்கடியில் ஒரு பச்சைப் புத்தகம்.
மா. சின்னபையன், பெரும்பாலை.
முப்பத்தாறு தவணையில்
முப்பத்தொன்றுக்கு முத்திரை.
மீதி ஐந்து கட்டம்
வெள்ளையாக.

அப்ரோஸ் எதுவும் சொல்லவில்லை.
டீசல் படிந்த கையால் அதைத் தொடாமல்
ஸ்பேனரின் முனையால் என் பக்கம் தள்ளினான்.

கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை எடுத்தோம்.
நுரை, நுரை, மறுபடி நுரை,
பிறகு தெளிந்த டீசல்.
நட்டை இறுக்கினான்.
இருமியது. வெள்ளையாய் ஒரு மூச்சு விட்டது.
அப்புறம் பேச ஆரம்பித்து
நிறுத்தவேயில்லை.

மீட்டர்க்காரர் கேட்டார்:
"அறுபதாயிரத்துல வச்சுத் தரட்டுமா?
நாளைக்கு விக்கறப்ப விலை நிக்கும்."
நின்ற இடத்திலிருந்தே ஓடட்டும் என்றேன்.
"நடுவுல ஓடினது?"
அது அவர் கணக்கு.
யார் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

தொப்பூர்க் கணவாயில் முதல் இறக்கம்.
முதுகுக்குப் பின்னால் எண்பது பெட்டி.
ஏறுவதற்கு இன்ஜின் போதும்,
இறங்கும்போதுதான் வண்டி எது என்று தெரியும்.
நியூட்ரலில் விட்டால் அரை லிட்டர் மிச்சம் என்று
காற்றாய்க் கடந்து போனது ஒரு லாரி,
பிரேக் கருகும் நாற்றத்தை விட்டுவிட்டு.
நான் இரண்டாம் கியரில் பிடித்தேன்.
உறுமிக்கொண்டே அடங்கி வந்தது,
கோபத்தைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு
பந்தியில் பரிமாறுகிற பொம்பளை மாதிரி.
குரங்குகள் தக்காளியைப் பார்த்தன.
நான் கீழே வளைவை மட்டும் பார்த்தேன்.

நேற்று ஆறாவது தவணை.
அதே யார்டின் அதே ஜன்னல்,
அதே பச்சையில் என் பெயர்.
செல்ஃபை நம்பமுடியாது என்பதால்
அணைக்காமல் வாசலில் விட்டிருந்தேன்.
கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது சத்தம்.

முத்திரையை ஓங்கிய கேஷியர்
கையை அப்படியே நிறுத்தி
வெளியே எட்டிப் பார்த்தார்.
"பெரும்பாலைக்காரன் வண்டிதானே அது?"

இல்லை என்றேன்.