மூன்றாம் படி

பர்பாங்கில், கார் கழுவும் கடையின் மாடியில்,
ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
ஒரு மனிதனைப் பாதாள அறைக்கு
இறக்கிக்கொண்டிருக்கிறாள் அரேவிக்.
காலையிலிருந்து இது நாற்பதாவது முறை.

படத்தில் அவன் இறங்குவது ஜாம் எடுக்க.
செத்துப்போன மனைவி போட்டுவைத்த பிளம் ஜாம்,
கடைசி பாட்டில்.
மஞ்சள் பல்பு. நாற்பத்தேழு நொடி. வெட்டே கிடையாது.
படிகள் முனகுகின்றன,
அவனுக்கு முழங்கால் வலிக்கிறது,
அவ்வளவுதான்.

முதலில் நகைச்சுவை டிரெய்லர்தான் கேட்டார்கள்.
நகைச்சுவைக்கு நிழல் ஆகாது.
மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம் ஏற்றினாள்,
வாடகை பாக்கி இல்லாதவர்கள் வீடு மாதிரி.
வயலின் தந்தியைக் கிள்ளிக் கிள்ளி ஒலிக்கவிட்டாள்.
அவன் முகம் சுளிக்கும் இடத்தில்
சட்டென்று இசையை நிறுத்தினாள்.
பக்கத்து அறை ஒஸ்வால்டோ சிரித்துவிட்டான்.
அவனுக்கும் முழங்கால் வலி உண்டு.
(காதல் படம் என்றால்
கூந்தலுக்குப் பின்னால் சூரியனை நிறுத்தலாம்.
இவனுக்குத் தலையில் முடியே இல்லை.)

பிறகு ஸ்டுடியோவிலிருந்து ஹால்க்விஸ்ட் அம்மாள் பேசினாள்:
"படம் அக்டோபரில் வருகிறது.
அக்டோபரில் யார் சிரிக்கிறார்கள்?"

மஞ்சளை உறிஞ்சி எடுத்தாள். நீலம் ஊற்றினாள்.
முகத்தில் பாதியை இருட்டுக்குக் கொடுத்தாள்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாம் படியில் கால் படும் முன்னே வெட்டு.
கறுப்பு.
தன் வீட்டு ஃபிரிட்ஜின் ரீங்காரத்தைப்
பத்து மடங்கு இழுத்து
அடியில் பாய் போல விரித்தாள்.
அப்புறம் அதையும் உருவினாள்.
பன்னிரண்டு ஃபிரேம் மௌனம்.
கணக்குக்கு அரை நொடி; அதற்குள்
ஓர் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
பிறகு இடி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்.
எந்தச் சோற்றை நசுக்கிக் காட்டுவது
என்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஷெர்மன் ஓக்ஸில் சோதனைக் காட்சி. முந்நூறு பேர்.
மூன்றாம் படியில் பாப்கார்ன் பறந்தது.
ஹால்க்விஸ்ட் அம்மாள் கைதட்டினாள்.
பின்வரிசையில் இயக்குநர் டொபையஸ்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
வெளியே வந்து ஒன்றுதான் கேட்டார்:
"ஜாம் எங்கே?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அரேவிக் பையில் கார் சாவியைத் தேடினாள்,
கையிலேயே இருந்த சாவியை.

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி.
சாப்பிடப் போக இரும்புப் படியில் இறங்கும்போது போன்.
"ரிப்போர்ட் வந்துவிட்டது" என்கிறார்
டாக்டர் மெலிக்யான்.
அப்புறம் பேச்சில்லை.

எண்ணுகிறாள்; தொழில் பழக்கம்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
இடி விழவில்லை.
இருபத்துநான்கு. நாற்பத்தெட்டு.
எத்தனை ஃபிரேமுக்கு மேல் மௌனம்
வெறும் மௌனமாகிவிடும் என்று
அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெயில் எல்லாக் கார்கள் மேலும் ஒரே மாதிரி கொட்டுகிறது.
மஞ்சளா, நீலமா, ஒன்றும் தெரியவில்லை.
கீழே ஒருவன் குழாயைத் திறக்கிறான்,
தண்ணீர்ச் சத்தம்
தண்ணீர்ச் சத்தமாகவே கேட்கிறது.
இது எந்த வகைப் படம் என்று
ஒரு துப்பும் இல்லை.

"மன்னிக்கணும், கதவைச் சாத்திவிட்டு வந்தேன்"
என்கிறது போன்.
காகிதம் புரளும் ஓசை.

தூக்கிய காலை
அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.